மாடிப்படிக்கு அடியில்

திங்கட்கிழமை காலை ஃப்ரீசரின் மூன்றாம் தட்டில் என் பெட்டிகள் இல்லை. வேறு பெட்டிகள் இருந்தன. புதியவை. வெள்ளை மூடி, ஒரே அளவு, விளிம்பு பிசகாத அடுக்கு. லேபிளில் சர்க்கரை நோய்ப் பிரிவு என்று அச்சிட்டிருந்தது.

கதவைச் சாத்தினேன். மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் ஃப்ரீசர் அது. கதவு கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் அலாரம் அடிக்கும். தளம் முழுக்கக் கேட்கும்.

குளிர் அறைப் பொறுப்பாளர் தன் மேசையில் உட்கார்ந்து ரொட்டித் துண்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் பனிக்கரடி என்பார்கள். கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். அந்தப் பெயரை வைத்ததே தான்தான் என்று சொல்லிக்கொள்வார்.

"அண்ணே, என் பெட்டியெல்லாம் எங்கே?"

"பத்திரமா இருக்கும்மா. கீழே."

"கீழேன்னா?"

"மாடிப்படிக்கு அடியில. பழைய ஃப்ரீசர்ல." ரொட்டி உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதையே பார்த்தார். "வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வந்தாங்கல்ல. அவங்க போறவரைக்கும் அங்கே வைன்னு டைரக்டர் மேடம் சொன்னாங்க. இன்னிக்கு மேலே ஏத்திடலாம்னுதான் இருந்தேன். டீயைக் குடிச்சிட்டு…"

நான் ஓடினேன்.

மாடிப்படிக்கு அடியில் துடைப்பங்கள், கால் உடைந்த நாற்காலி, பழைய பேனர் சுருள்கள். அவற்றுக்கு நடுவே அந்த ஃப்ரீசர். கெட்டால் கெட்டுப் போகட்டும் என்று நினைப்பதை வைக்கும் இடம். பக்கத்துக் கூடத்தில் யாரோ பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது அதன் அலாரம் ஒருமுறை அடித்திருக்கிறது. பேசியவர் முகம் சுளித்தார். மறுநாளே அலாரத்தின் ஒயரை வெட்டிவிட்டார்கள். ஃப்ரீசரைச் சரி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கதவு ஒட்டிக்கொண்டு, பிறகு திறந்தது. குளிர் வரவில்லை. அழுகிய வாடை வந்தது.

பெட்டிகள் ஊறியிருந்தன. லேபிள்கள் உரிந்து அடியில் கிடந்தன. ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். கல்லாக இருக்க வேண்டியது சாய்ந்த பக்கம் ஓடியது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் ஓடியது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன்.

பனிக்கரடி பின்னால் வந்து நின்றார். டீ டம்ளர் இன்னும் கையில் இருந்தது.

"சத்தமே வரலையேம்மா," என்றார்.

*

சில பெண்களுக்குக் கருப்பையின் உள்தோல் போன்ற ஒரு திசு, இருக்கக்கூடாத இடத்தில் வளர்கிறது. சினைப்பையின் மேல், குடலின் மேல், சில சமயம் மூத்திரப்பையின் மேல். மாதம்தோறும் அழற்சி கண்டு வீங்குகிறது. உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பலருக்கு ஸ்கேனில் தெரிவதில்லை. வயிற்றில் துளைபோட்டுக் கேமராவை விட்டுப் பார்த்தால்தான் உறுதி. அந்தத் துளை வரைக்கும் வந்து சேர்வதற்குள் ஒரு பெண்ணுக்கு வருஷங்கள் ஓடிவிடும். அதுவரை கல்யாணம் ஆனால் சரியாகும் என்பார்கள். ஆனவளிடம் பிள்ளை பெற்றால் சரியாகும் என்பார்கள். பெற்றவளிடம் மனசை லேசாக வைத்துக்கொள் என்பார்கள்.

என் ஆய்வின் கேள்வி சின்னது. மாதவிடாய் ரத்தம் கருப்பையிலிருந்து நேராக வருகிறது. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். அதிலேயே இந்த நோயின் அடையாளம் ஏதாவது இருக்கிறதா? வேறு ஊர்களிலும் இதைத் தேடுகிறார்கள். தேடத் தொடங்கியதே சமீபத்தில்தான். அதற்கு முன் எல்லாருமாக அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

அறுவைக்குத் தேதி வாங்கிய பெண்கள், அதற்கு முந்தைய மாதங்களின் ரத்தத்தைச் சேர்த்துத் தந்தார்கள். உள்ளே கேமரா என்ன பார்த்தது என்பதோடு அதை நான் ஒப்பிட வேண்டும். அறுவையின்போதே திசுவை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஆகவே அறுவை முடிந்தவளிடம் மறுபடி கேட்டுப் பயனில்லை. அவள் முன்பு தந்தது போனால் போனதுதான்.

தருவது லேசான வேலை இல்லை. சிலிக்கோன் மாதவிடாய்க் கப்பை உள்ளே வைத்து, எடுத்து, சிந்தாமல் குழாயில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுவர வேண்டும். அதுவும் சுருண்டு கிடக்கும் நாளில். தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, அளவு கொடுக்க வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கடையின் கழிவறையில் எடுத்தாள். பஸ் கண்டக்டர் ஒருத்தி, தாழ்ப்பாள் இல்லாத டெப்போ கழிவறையில், தோழி கதவைப் பிடித்துக்கொள்ள எடுத்தாள். ஐஸ் பெட்டியில் என்ன என்று டிரைவர் கேட்டதற்குச் சாப்பாடு என்று சொன்னாளாம். "எனக்கும் கொஞ்சம் கொடுன்னு கேட்டான் மேடம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல."

என் அண்ணியும் அவர்களில் ஒருத்தி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொல்வாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு நாள் நிற்க முடியாது. பல வருஷமாக அப்படித்தான். அவளுக்கு அறுவைத் தேதி வரப்போகும் வெள்ளிக்கிழமை.

அவளுடைய குழாய்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. ஓடின.

*

இயக்குநர் ஒரு பெண். இந்த நிறுவனத்தில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண். சேர்ந்த புதிதில் அதற்காகவே அவர் அறையைக் கடக்கும்போது எனக்கு முதுகு நிமிரும்.

"தெரியும்," என்றார் நான் வாயைத் திறப்பதற்குள். "இப்பதான் சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. உட்காரு."

உட்காரவில்லை.

"ஏன் மாத்தினீங்க மேடம்?"

"அதுவும் ஃப்ரீசர்தானே. நின்னு போகும்னு நான் ஜோசியமா பார்த்தேன்?"

"அது நின்னு போகும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும். ஏன் மாத்தினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விருந்தாளிங்க குளிர் அறையைப் பார்க்கணும்னாங்க. கதவைத் திறந்து காட்டணும். திறந்ததும் கண்ணு நேரா போறது உன் தட்டுக்கு. கொட்டை எழுத்துல மாதவிடாய் ரத்தம்னு எழுதி ஒட்டி வச்சிருக்க."

"உள்ளே இருக்கறது அதுதானே."

"வந்தவங்க எல்லாரும் பெரியவங்க. பார்க்க ஒரு மாதிரி இருக்காதா?"

"அவங்க எதுக்கு வந்தாங்க?"

எனக்குத் தெரியும். கீழே வாசலில் அந்த வரவேற்பு பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டப்போகும் மகளிர் நலப் பிரிவுக்கு நிதி தருவதற்காக வந்தவர்கள்.

"உன் ஆய்வைப் பத்தியும் சொன்னேன்," என்றார். "ரொம்பப் பாராட்டினாங்க."

விருந்தாளிகளுக்கு அவர் திரையில் காட்டிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு ஒரு வரைபடம் இருந்தது. இதய நோய்க்கு ஓர் இதயம் இருந்தது. என் ஆய்வுக்கு ஒரு ரோஜாப்பூ இருந்தது.

"அறுவை முடிஞ்சவங்களோடது திரும்பக் கிடைக்காது மேடம். பாதி ஆய்வு போச்சு."

"கத்தாதே."

நான் கத்தவில்லை. கத்துவது போல் கேட்டிருக்கும்.

"நானும் பொண்ணுதான்," என்றார். குரலைத் தணித்திருந்தார். "எனக்குத் தெரியாதா? எத்தனை மீட்டிங்ல மாத்திரையை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர்கிட்டயாவது மூச்சு விட்டிருப்பேனா?"

"விட்டிருக்கலாம் மேடம்."

அவர் முகம் மாறியது. பிறகு பழையபடி ஆனது.

"அந்தப் பொண்ணுங்களுக்கு ஃபோன் பண்ணிடு. கரண்ட் போயிடுச்சு, அதனால கெட்டுப் போச்சுன்னு சொல்லு."

"கரண்ட் போகல."

"கம்ப்ரஸர் போச்சு. ரெண்டும் ஒண்ணுதான். அவங்களுக்கு அதெல்லாம் என்ன புரியப் போகுது? இனிமே வர்ற சாம்பிளை எங்கே வைக்கறதுன்னு அப்புறம் யோசிப்போம். மூணாம் தட்டை சர்க்கரைப் பிரிவுக்குக் கொடுத்தாச்சு. அவங்களுக்கு இடம் பத்தல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது இல்ல? பார்த்து நடந்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

*

முதலில் தையற்கடை அக்காவை அழைத்தேன். அவளுக்கு அறுவை முடிந்துவிட்டது. பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"அடடா," என்றாள். "கரண்ட் போனா யாரு என்ன பண்ண முடியும்? எனக்கும் போன வாரம் போச்சு, ஒரு ஆர்டர் முழுசா நின்னு போச்சு. என் மகளுக்கும் இப்படித்தான் வலிக்குது. அவளுக்காவது உதவும்னு நெனச்சேன். சரி விடுங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. குரல் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தபடி இருந்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பொய்யை வாங்கிக்கொண்டு அக்கறையைத் திருப்பித் தந்தாள். அவள் கோபம் அவளுக்குச் சேர வேண்டியது. நான் நடுவில் நின்று அதைத் திருடிக்கொண்டேன்.

அடுத்து கண்டக்டர். டெப்போ இரைச்சல்.

"கெட்டுப் போச்சா? எப்படி மேடம்?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். விருந்தாளிகள், தட்டு, லேபிள், மாடிப்படி, வெட்டிய ஒயர்.

அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"அப்போ மேல இருந்த மத்த ரத்தமெல்லாம்?"

"மேலயேதான் இருந்துச்சு."

"என்னோடது மட்டும் துடைப்பத்துக்குப் பக்கத்துல."

"ஆமா."

"எங்க வீட்டுக்காரருதான் அப்படின்னு நெனச்சேன். கவர்ல சுத்தி வையி, கண்ணுல படாம வையின்னுவாரு. அவரு எட்டாவது. இங்கே எல்லாரும் என்ன படிச்சிருக்கீங்க?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களைக் கேட்கல மேடம். நீங்க உண்மையைச் சொன்னீங்க." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வரேன்யா, பஸ்ஸு ஓடியா போயிடும்?" என்று கத்தினாள். பிறகு என்னிடம்: "எனக்கு இன்னும் ஆபரேஷன் ஆகல. மறுபடி எடுத்துத் தரேன். ஆனா எங்கே வைக்கறீங்கன்னு எனக்குத் தெரியணும். மாடிப்படிக்கு அடியிலன்னா நானே வந்து அந்த டப்பாவைத் தூக்கி ரோட்டுல எறிவேன்."

தையற்கடை அக்காவை மறுபடி அழைத்தேன்.

"அக்கா, கரண்ட் போகல."

இந்த முறை சொல்லி முடிப்பதற்குள் மெஷின் நின்றது. எங்கோ கத்தரிக்கோலை வைக்கும் சத்தம்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா," என்றாள், "சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வரை பேசினேன். அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், நன்றாகத் திட்டினாள். பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அடுத்த முறை எங்கே வைப்பீர்கள்?

*

நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். பின்னறை என்னுடையது. அன்று சாயங்காலம் போனபோது அண்ணி கடையிலிருந்து வந்து வாசற்படியிலேயே செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி இடிஞ்ச சுவரு மாதிரி இருக்கு?"

நான் ஆய்வுப் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா.

சொன்னேன். அவள் செருப்பின் வாரை அவிழ்த்தபடியே கேட்டாள். ஒரு வாரை அவிழ்த்தாள். மறு வாரில் வைத்த கை அப்படியே நின்றது.

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் வாயில துணியைக் கடிச்சிக்கிட்டு எடுத்தேனே, அதுவுமா?"

தலையாட்டினேன்.

மறு செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது. உள்ளே போனாள்.

மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கதவை உள்ளிருந்து தட்டி என்னைக் கூப்பிட்டாள். கதவுக்கு வெளியே அண்ணன் வெந்நீர்ப் பையோடு நின்றுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. பையைச் சரியான சூட்டில் நிரப்பத் தெரிந்தவன். வாய்தான் சரியில்லை.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன் இருக்கு. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்று என்னிடம் சொன்னான். "எங்க ஆபீஸ்ல எத்தனை பொம்பளைங்க. ஒருத்தியாவது இதுக்குன்னு லீவு போடறாளா?"

"ஒருத்தியாவது உங்ககிட்ட வந்து சொல்லுவாளா?" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

அவன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

உள்ளே அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் கப் இருந்தது. நிறைந்திருந்தது. சாயாமல் பிடித்திருந்தாள்.

"பார்த்தியா, நம்ம மாசாந்திர வண்டி நேரத்துக்கு வந்துடுச்சு," என்றாள். "குழாயைக் கொண்டா."

"அண்ணி, இன்னிக்கு வேண்டாம். வைக்கறதுக்கு இடம்…"

"வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்துடுவாங்க. அப்புறம் நான் தர்றது உனக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"அப்போ இதுதான் கடைசி. கொண்டா."

குழாயைப் பிடித்தேன். அவள் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஐஸ் பெட்டியை மூடியதும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வரேன்."

"உன்னால நிக்கவே முடியல."

"உட்கார்ந்துக்கறேன். எங்கே வைக்கறீங்கன்னு என் கண்ணால பார்க்கணும். ஊரு கண்ணையெல்லாம் சோதிக்கறேன், இதைப் பார்க்க மாட்டேனா?"

*

ரத்தத்தை மெஷினில் சுழற்றிப் பிரித்துச் சின்னக் குழாய்களில் அடைக்கும்வரை அண்ணி ஆய்வறை நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்ப் பை ஆறிவிட்டது. இரண்டு முறை கைகழுவும் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தாள். பக்கத்து மேசையில் இருந்த ஆய்வு மாணவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

குளிர் அறை வாசலில் பனிக்கரடி கையைக் குறுக்கே நீட்டினார்.

"மூணாம் தட்டு இப்ப உங்களது இல்லம்மா. மேடம் சொல்லியிருக்காங்க. எனக்குச் சொல்றதை நான் செய்யறேன், அவ்வளவுதான்."

"வேற தட்டு?"

"எல்லாம் நிறைஞ்சிருக்கு."

அண்ணி அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். அது குனிந்தது கூட இல்லை, வலியில் ஏற்கெனவே பாதி மடிந்துதான் இருந்தாள். ஃப்ரீசரின் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே எவ்வளவு குளிரோ, மோட்டார் இருக்கும் பக்கம் அவ்வளவு சூடு.

"இது நல்லா இருக்கே," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "வீட்ல இருக்கற பையைவிட இதமா இருக்கு."

"அங்கே உட்காரக் கூடாதும்மா."

"எழுப்பினா வாந்தி எடுப்பேன். துடைக்கறீங்களா?"

பனிக்கரடி மேடத்தைக் கூப்பிடப் போனார்.

மேடம் வந்தபோது அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. மேடம் என்னையும் ஐஸ் பெட்டியையும் அவளையும் வரிசையாகப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"நான்தான் சாம்பிள்," என்றாள் அண்ணி.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைம்மா. வீட்டுக்குப் போய்ப் படுங்க. இவ பத்திரமா வச்சுப்பா."

"எங்கே?"

"வேற பிரிவுல இடம் கேட்டிருக்கேன். கிடைச்சதும்…"

அண்ணி தலையைத் திருப்பி ஃப்ரீசரை விரலால் தட்டினாள். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

"நோயாளிங்களோட ரத்தம்."

"எங்கேருந்து எடுத்தது?"

"எங்கேருந்துன்னா? கையிலேருந்துதான்."

"அப்போ தப்பு என் மேலதான். நான் கையில வரவச்சிருக்கணும்."

பனிக்கரடி இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

"கிண்டல் வேண்டாம்," என்றார் மேடம். "எனக்கும் இதே வலி இருந்தது. இதே மாதிரி. நான் இப்படித் தரையில உட்காரல."

அண்ணி அப்போதுதான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கடைக்கு வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பதுபோல், ஒன்றை முடித்து மற்றொன்றை.

"உட்கார்ந்திருக்கலாமே மேடம்," என்றாள். "யாரு வேண்டாம்னது?"

மேடம் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் நான் ஃப்ரீசரின் பிடியைத் திருகினேன்.

"திறக்காதே," என்றார்.

திறந்தேன். வெண்புகை முகத்தில் அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றாம் தட்டின் முதல் வெள்ளைப் பெட்டியை இழுத்தேன். நிறைந்த பெட்டி கனக்கும். அதற்கேற்ற பலத்தோடு இழுத்தேன். அது காற்றுப்போல் வந்தது, கை பின்னால் போய்க் கதவில் இடித்தது.

மூடியைத் திறந்தேன். கட்டங்கள் மட்டும் இருந்தன. ஒரு குழாய்கூட இல்லை.

அடுத்ததைத் திறந்தேன். அதற்கும் அடுத்ததை.

"அண்ணே, இது என்ன?"

பனிக்கரடி தரையைப் பார்த்தார். "உங்களோடதை எடுத்ததும் தட்டு காலியாத் தெரிஞ்சுதும்மா. ஃபோட்டோ எடுக்கும்போது நல்லா இருக்காதுன்னு… ஸ்டோர்ல புதுப் பெட்டி இருந்துச்சு. லேபிளு கையில கிடைச்சது சர்க்கரைப் பிரிவோடதுதான்."

"அவங்களுக்கு இடம் பத்தலைன்னாங்களே."

"அவங்க வந்து கேட்கவே இல்லம்மா."

மேடம் அவரைப் பார்த்தார். அவர் ஸ்வெட்டரின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

காலிப் பெட்டிகள். மைனஸ் எண்பதில். அறுபது பெண்களின் ரத்தம் துடைப்பத்துக்குப் பக்கத்தில் அழுகிக்கொண்டிருந்தபோது, காற்றை உறைய வைத்துப் பாதுகாத்திருந்தார்கள்.

முதல் பெட்டியைத் தரையில் எறிந்தேன். வெற்றுப் பெட்டியின் சத்தம் எழுந்தது. இரண்டாவதை எறிந்தேன். மூன்றாவது மேடத்தின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. தட்டை முழுக்க வழித்துத் தள்ளினேன்.

அலாரம் அடித்தது.

"கதவை மூடு," என்றார் மேடம். "கேட்குதா? அலாரம்."

"கேட்குது மேடம். அடிக்கட்டும்."

"மத்தவங்க சாம்பிள் கெட்டுடும்."

"இவ்வளவு நேரத்துல கெடாது. அது உங்களுக்கும் தெரியும். மாடிப்படிக்கு அடியில மூணு நாள் கிடந்தாத்தான் கெடும்."

நடைவழியில் கதவுகள் திறந்தன. முதலில் அந்த ஆய்வு மாணவன் வந்தான். பிறகு சர்க்கரைப் பிரிவின் தலைவர், கையில் பேனாவோடு. கணக்குப் பிரிவுப் பெண். தரை துடைப்பவள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்து வாசலில் நின்றார்கள். தரையெல்லாம் வெள்ளைப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே ஒரு பெண், முட்டியை மார்போடு கட்டிக்கொண்டு.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார் சர்க்கரைப் பிரிவுத் தலைவர்.

"எனக்கு," என்றாள் அண்ணி. "மாசாமாசம்."

நான் அவளுடைய குழாய்களை எண் பார்த்து மூன்றாம் தட்டில் வைத்தேன். பையில் இருந்த பேனாவால் ஒரு லேபிளில் எழுதினேன். முன்பைவிடப் பெரிய எழுத்தில். தட்டின் முகப்பில் ஒட்டினேன். குளிரில் பசை உடனே பிடிக்கவில்லை. பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். பிறகு கதவை மூடினேன்.

மூடினாலும் அலாரம் உடனே நிற்காது. உள்ளே குளிர் பழைய நிலைக்குத் திரும்பும்வரை அடிக்கும்.

"டாக்டரம்மா," என்றாள் அண்ணி. அந்தச் சத்தத்தில் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. "பார்த்துட்டேன். வண்டியைக் கூப்பிடு. இனிமே முடியாது."

அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். தரை துடைப்பவள் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். மேடம் வழிவிட்டு நகர்ந்தார். என் ஒப்பந்தத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் காலடியில் கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க அதை," என்றார் கடைசியில். பனிக்கரடியிடம்.

அலாரத்தை நிறுத்தும் பொத்தான் அவருக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் மேடத்தைப் பார்த்தார். எங்களுக்கு நடுவே தொங்கியபடி நகர்ந்துகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார்.